மருத்துவமனை, தொழிற்சாலை, கைத்தொழில்: பலதரப்பட்டவர்களும் சேர்ந்து நிலைக்கும் பணியிடத்தை உருவாக்குவது எப்படி?

“விளம்பரம் கொடுத்தோம், பெண்கள் யாரும் வரவில்லை.” “மாற்றுத்திறனாளிகளை எடுத்தோம், மூன்றே மாதத்தில் நின்றுவிட்டார்கள்.” ஆள்சேர்ப்புப் பிரிவில் இருப்பவர்கள் அடிக்கடி சொல்வது இது. பழி வராதவர்கள் மேல் விழுகிறது, இல்லாவிட்டால் வந்து போனவர்கள் மேல். அந்த வேலை யாரை மனதில் வைத்து உருவானது என்று கேட்பவர் குறைவு. மேசையின் உயரம், கையுறையின் அளவு, ஷிப்டு தொடங்கும் நேரம், ‘5 ஆண்டு அனுபவம் தேவை’ என்ற ஒரு வரி எல்லாமே ஏற்கெனவே அங்கே இருந்தவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைகள். புதியவருக்குப் பொருந்தாததில் வியப்பில்லை. சட்டையை எங்கே பிரித்து எப்படித் தைப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒன்று. மூன்று துறைகளிலும் நோய் ஒன்றல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் 2019 அறிக்கைப்படி, சுகாதாரம் மற்றும் சமூகப் பராமரிப்புப் பணியாளர்களில் சுமார் 70 சதவீதம் பெண்கள். உயர் பொறுப்புகளில் இருப்பவர்களில் பெண்கள் சுமார் 25 சதவீதம்தான். செவிலியர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பெண்கள். ஆக, மருத்துவமனையில் கேள்வி ‘மேலே ஏன் பெண்கள் இல்லை, வார்டில் ஏன் ஆண்கள் இல்லை’ என்பது. எலெக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் போன்ற கட்டுமானக் கைத்தொழில்களில் கதவே திறக்கவில்லை. அமெரிக்காவில் இந்த வேலைகளில் பெண்கள் சுமார் 4 சதவீதம். தொழிற்சாலையில் மொத்தக் கணக்கு நன்றாகவே தெரியலாம். பிரித்துப் பார்த்தால் பேக்கிங்கில் ஒரு கூட்டம், பராமரிப்புப் பிரிவில் வேறு கூட்டம், இரண்டும் கலப்பதே இல்லை. அதனால் ‘நிறுவனம் முழுவதும் இத்தனை சதவீதம்’ என்ற ஒற்றை எண்ணை நம்ப வேண்டாம். வேலைவாரியாகவும் ஷிப்டுவாரியாகவும் பிரித்து எண்ணுங்கள்.

படி 1: எந்த இடத்தில் ஒழுகுகிறது?

விண்ணப்பம், அழைப்பு, தேர்வு, நேர்காணல், பணி ஆணை, 90 நாள், 12 மாதம், முதல் பதவி உயர்வு. இந்த எட்டுக் கட்டங்களிலும் ஒவ்வொரு குழுவிலும் எத்தனை பேர் நுழைந்தார்கள், எத்தனை பேர் கடந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரு கற்பனைக் கணக்கு: 120 ஆண்களும் 30 பெண்களும் விண்ணப்பிக்கிறார்கள். உடல்திறன் தேர்வுக்கு 60 ஆண்கள், 12 பெண்கள் அழைக்கப்படுகிறார்கள். தேறியவர்கள் 48 ஆண்கள், 5 பெண்கள். நேர்காணலுக்குப் பின் பணி ஆணை பெற்றவர்கள் 24 ஆண்கள், 3 பெண்கள்.

இப்போது வகுத்துப் பாருங்கள். அழைப்பில் ஆண்கள் 50 சதவீதம், பெண்கள் 40 சதவீதம். உடல்திறன் தேர்வில் 80-க்கு 42. நேர்காணலில் 50-க்கு 60, அதாவது அங்கே பெண்களே மேல். இந்த நிறுவனம் வழக்கம்போல ‘நேர்காணல் நடத்துபவர்களுக்கு விழிப்புணர்வுப் பயிற்சி’ கொடுத்திருந்தால் பணம் வீண். ஓட்டை இருப்பது உடல்திறன் தேர்வில்.

எவ்வளவு வித்தியாசம் இருந்தால் கவலைப்படுவது? அமெரிக்க அரசு அமைப்புகள் 1978-ல் வகுத்த ‘ஐந்தில் நான்கு’ விதி எளிய அளவுகோல். ஒரு குழுவின் தேர்ச்சி விகிதம், அதிகத் தேர்ச்சி பெற்ற குழுவின் விகிதத்தில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அந்தக் கட்டத்தை ஆராய வேண்டும். மேலே உள்ள கணக்கில் 42-ஐ 80-ஆல் வகுத்தால் 52 சதவீதம், தெளிவான எச்சரிக்கை. அழைப்புக் கட்டம் சரியாக 80-ல் நிற்கிறது, அதையும் கண்காணியுங்கள். ஆனால் எண்ணிக்கை சிறிதாக இருக்கும்போது இந்த விதி ஆட்டம் காட்டும். 12 பேரில் இன்னும் இருவர் தேறியிருந்தால் 52 என்பது 73 ஆகிவிடும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பாருங்கள்.

தரவு சேகரிப்பில் மூன்று கட்டுப்பாடுகள். விவரம் தருவது விருப்பத்தின் பேரில் இருக்க வேண்டும். தேர்வுக் குழுவின் கண்ணில் அது படக்கூடாது. ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் எண்களை வெளியே காட்டக்கூடாது, ஏனென்றால் யார் என்று அடையாளம் தெரிந்துவிடும். பிரான்ஸ் போன்ற நாடுகளில் இன விவரம் சேகரிக்கவே கடும் கட்டுப்பாடு உண்டு. உங்கள் நாட்டுச் சட்டத்தை முதலில் பாருங்கள். இடஒதுக்கீடு, முன்னுரிமை ஆகியவற்றுக்கும் அதுவே. ஒரு நாட்டில் கட்டாயமாக இருப்பது இன்னொரு நாட்டில் வழக்குக்கு வழிவிடும். கீழே சொல்லப்படும் பெரும்பாலான வேலைகள் எல்லாருக்கும் தடையை நீக்குபவை என்பதால் அந்தச் சிக்கலுக்குள் போகத் தேவையில்லை.

படி 2: வேலையை அளந்து பாருங்கள்

பணி விளக்கத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு வேலை நடக்கும் இடத்துக்குப் போய் ஒரு ஷிப்டு முழுக்க நில்லுங்கள். ஒவ்வொரு தகுதிக்கும் எதிரே எழுத வேண்டியவை: இது எப்போது தேவைப்படுகிறது, எத்தனை முறை, முதல் மூன்று மாதத்தில் கற்றுக்கொடுக்க முடியுமா, கருவி வைத்து மாற்ற முடியுமா.

பள்ளிச் சான்றிதழ் கேட்பதே சில இடங்களில் வெறும் பழக்கம். 1971-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கிரிக்ஸ் - டியூக் பவர் வழக்கில், வேலைக்குத் தொடர்பில்லாமல் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் கேட்டது கறுப்பினத் தொழிலாளர்களை வெளியே நிறுத்துகிறது என்று அதை ஏற்க மறுத்தது. 1977-ல் டாதர்ட் - ராலின்சன் வழக்கில், சிறைக் காவலர் வேலைக்கு வைத்த குறைந்தபட்ச உயரம், எடை நிபந்தனைகளுக்கும் அதே கதி. வலிமைதான் வேண்டும் என்றால் வலிமையை நேரடியாகச் சோதியுங்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். சட்டம் எந்த நாட்டினுடையதாக இருந்தாலும் இந்தத் தர்க்கம் எங்கும் பொருந்தும்.

‘25 கிலோ தூக்க வேண்டும்’ என்ற வரி மூன்று துறைகளிலும் பலரைத் திருப்பி அனுப்புகிறது. அந்த 25 கிலோ எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பெரும்பாலும் பழைய தாளிலிருந்து நகலெடுத்தது என்று தெரியும். அமெரிக்கப் பணிப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ் 1991-ல் திருத்திய தூக்கும் சூத்திரத்தில், எல்லாமே சாதகமாக இருக்கும் நிலையிலேயே அடிப்படை அளவு 23 கிலோதான். சுமை உடம்பிலிருந்து 25 சென்டிமீட்டருக்குப் பதில் 50 சென்டிமீட்டர் தள்ளி இருந்தால் அது பாதியாகிறது, 11.5 கிலோ. சுமை உடம்பை ஒட்டியே இருந்தாலும், நிமிடத்துக்கு ஆறு முறை என்று எட்டு மணி நேரம் தூக்கினால் அந்த 23 கிலோவை 0.27-ஆல் பெருக்க வேண்டும். மிஞ்சுவது சுமார் 6 கிலோ. அப்படியானால் அந்த வேலை பெண்ணுக்கு மட்டும் பொருந்தாத வேலை இல்லை. இப்போது செய்துகொண்டிருக்கும் ஆணின் முதுகையும் மெல்ல மெல்லத் தின்றுகொண்டிருக்கும் வேலை. தீர்வு மூட்டையை 10 கிலோவாகக் குறைக்கும்படி சப்ளையரிடம் கேட்பது, கத்தரித் தூக்கி மேசை, வெற்றிடத் தூக்கி, உருளைப் பாதை என்று பல உண்டு.

மருத்துவமனையில் இன்னும் கறாரான அளவு இருக்கிறது: நோயாளியை நகர்த்தும்போது ஒருவர் கையில் ஏறும் பாரம் 16 கிலோவைத் தாண்டக்கூடாது என்பது 2007-லிருந்து பரவலாக ஏற்கப்பட்ட வரம்பு. வளர்ந்த மனிதர் எவரும் 16 கிலோ இல்லை. ‘உடல் வலிமை உள்ள உதவியாளர் தேவை’ என்று ஒரு வார்டு கேட்டால், அங்கே நோயாளித் தூக்கியும் வழுக்குத் தாளும் போதுமான அளவு இல்லை, அல்லது இருந்தும் பூட்டிய அறையில் கிடக்கின்றன என்று பொருள். இரண்டாவதுதான் அடிக்கடி நடக்கிறது. தூக்கியின் பேட்டரி சார்ஜ் ஆகியிருக்கிறதா, படுக்கையிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது, வெவ்வேறு அளவில் தூக்குத்துணி இருக்கிறதா என்று பாருங்கள்.

‘5 ஆண்டு அனுபவம்’ என்பதை உடைத்து எழுதுங்கள். ஐந்து ஆண்டில் என்ன தெரிந்திருக்க வேண்டும்? ‘மும்முனை (த்ரீ ஃபேஸ்) மோட்டார் இணைப்பைத் தனியாகச் செய்யவும் பழுது கண்டுபிடிக்கவும் தெரிய வேண்டும்’ என்று எழுதினால் இரண்டே ஆண்டில் அதைக் கற்றவர் உள்ளே வரலாம். பதினைந்து ஆண்டு ஒரே ஸ்விட்சை மாற்றியவர் வெளியே நிற்பார்.

படி 3: இடத்தையும் கருவியையும் மாற்றுங்கள்

நின்றபடி செய்யும் வேலையில் மேசை உயரம் முழங்கையை வைத்துத்தான் தீர்மானமாகிறது. நுணுக்க வேலைக்கு முழங்கையைவிட 5 முதல் 10 சென்டிமீட்டர் மேலே, பொதுவான பொருத்தல் வேலைக்குச் சற்றுக் கீழே, அழுத்தம் கொடுக்கும் கனமான வேலைக்கு இன்னும் கீழே. குட்டையான பெண்ணுக்கும் நெட்டையான ஆணுக்கும் முழங்கை உயரத்தில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் வித்தியாசம் வரும். நிலையான மேசை ஒன்றை நடுத்தர உயரத்தில் வைத்தால் இருவருக்குமே கேடு. உயரம் மாற்றும் மேசை வாங்க முடியாவிட்டால் நெட்டையானவருக்கு மேசையை அமைத்து, மற்றவர்களுக்கு அகலமான, வழுக்காத மேடை போடுங்கள். மேடையின் விளிம்பில் மஞ்சள் பட்டை அவசியம்; தடுக்கி விழுவது அங்கேதான்.

முழுக் கையால் பிடிக்கும் கருவியின் கைப்பிடி விட்டம் 30 முதல் 50 மில்லிமீட்டர் இருக்கலாம். சிறிய கைக்குக் கீழ் அளவுகள் ஒத்துவரும். ஒரு ஸ்பேனர் இறுக்கமான போல்ட்டைத் திருப்பவில்லை என்றால் நீண்ட பிடியோ முறுக்குப் பெருக்கியோ கொடுங்கள். ‘எங்கள் காலத்தில் கையாலேயே திருப்பினோம்’ என்பவரின் தோள்பட்டை எப்படி இருக்கிறது என்றும் கேட்டுப் பாருங்கள்.

இயந்திரத்தின் சிவப்பு, பச்சை விளக்குக் கம்பத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நிறப்பார்வைக் குறைபாடு உண்டு. மற்ற மக்களிலும் கணிசமாக உண்டு. சிவப்பு எப்போதும் மேலே, நின்றுபோனால் மினுக்கும், ஓடினால் நிலையாக எரியும் என்று இடத்தாலும் அசைவாலும் வேறுபடுத்திவிட்டால் நிறம் தெரியாதவரும் வேலை செய்யலாம். காது கேளாதவருக்கு ஃபோர்க்லிஃப்ட் ஹாரன் பயன்படாது. வண்டியின் முன் தரையில் விழும் நீல ஒளி, அதிரும் பேஜர், நடைபாதையைத் தடுப்புக் கம்பியால் பிரிப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு. மொழி தெரியாதவர்களுக்கு எச்சரிக்கைப் பலகைகளில் பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 7010-ன் படக் குறியீடுகள், வேலை வழிமுறையில் படிக்கு ஒரு புகைப்படம். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள், ‘செய்து காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். புரிந்ததா என்றால் எல்லாரும் தலையாட்டுவார்கள்.

இதற்கெல்லாம் கோடிகள் செலவாகும் என்பது வெறும் பயம். 2007-ல் ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஆலையில் பிஎம்டபிள்யூ ஒரு உற்பத்தி வரிசையில், எதிர்காலத்தில் வரப்போகும் சராசரி வயதான 47-க்கு ஏற்றபடி ஆட்களை அமர்த்தி, அவர்களிடமே யோசனை கேட்டது. மரத் தரை, உயரம் மாறும் மேசை, உட்கார்ந்து வேலை செய்ய முடிதிருத்தகத்தில் இருப்பது போன்ற நாற்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பெரிய எழுத்துகள் என்று 70 சிறு மாற்றங்கள். செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. அதே 2007-ல் அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் மருந்துக்கடை நிறுவனமான வால்கிரீன்ஸ் புதிதாகத் திறந்த கிடங்கு ஒன்றில் பணியாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மாற்றுத்திறனாளிகள். படங்களோடு கூடிய தொடுதிரை, எளிய நிலையப் பெயர்கள். ஊதியமும் இலக்கும் மற்றவர்களுக்கு உள்ளதேதான்.

படி 4: பாதுகாப்புச் சாதனங்கள்

இதற்குத் தனியாக ஒரு படி ஒதுக்கக் காரணம் இருக்கிறது. நல்ல எண்ணத்தோடு ஆள் எடுத்துவிட்டு முதல் நாளே கோட்டை விடும் இடம் இது. பெரிய கையுறை சுழலும் துரப்பணத்தில் சிக்கும். அங்கே எந்தக் கையுறையும் போடக்கூடாது என்பது வேறு விஷயம். தொளதொள மேலங்கி வெல்டிங் பொறியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு சாக்ஸ் போட்டு நிரப்பிய பூட்ஸ் ஏணியில் வழுக்கும். அமெரிக்காவில் கட்டுமானத் துறைக்கு, ‘சாதனம் ஒவ்வொருவருக்கும் சரியாகப் பொருந்த வேண்டும்’ என்ற வெளிப்படையான விதி 2025 ஜனவரியில்தான் அமலுக்கு வந்தது என்றால் இதுவரை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள்.

சேரும் நாளில் அளவு கேட்பது தாமதம். பணி ஆணையோடு அளவுத் தாளையும் அனுப்புங்கள்: கை, பாதம், மார்பு, இடுப்பு, தலைச் சுற்றளவு. சிறிய அளவுகள் கையிருப்பில் இல்லாமல், வரவழைக்க வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு வகையிலும் மிகச் சிறியதிலிருந்து மிகப் பெரியதுவரை ஒரு மாதிரித் தொகுப்பு வைத்திருந்து போட்டுப் பார்க்கச் சொல்வது நல்லது. பெண்களுக்கான அளவும் ஆண்களுக்கான சிறிய அளவும் ஒன்றல்ல. பாதத்தின் குதிகால், கையின் விரல் நீளம், தோள் அகலம் எல்லாம் மாறும்.

உயரத்தில் வேலை செய்பவரின் ஹார்னஸில் (விழுந்தால் தாங்கும் உடல் பட்டை) பார்க்க வேண்டியவை: முதுகு வளையம் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறதா, மார்புப் பட்டை மார்பின் நடுவில் நிற்கிறதா, கழுத்தை நோக்கி ஏறாமல் இருக்கிறதா, தொடைப் பட்டைக்குள் விரித்த கை நுழைந்து மூடிய முட்டி நுழையாமல் இருக்கிறதா. எடையையும் பாருங்கள். பல அதிர்ச்சி தாங்கிக் கயிறுகள் 59 முதல் 140 கிலோ வரை என்ற வரம்புக்குச் சோதிக்கப்பட்டவை. 50 கிலோ எடையுள்ளவர் விழுந்தால் தாங்கி முழுதாகப் பிரியாமல் உடம்பு வாங்கும் அதிர்ச்சி கூடும். அவருக்குக் குறைந்த எடைக்கென்றே சான்று பெற்றதை வாங்க வேண்டும்.

இறுக்கமாகப் படியும் முகக்கவசம், என்95 உட்பட, காற்று கசியாமல் படிகிறதா என்று ஆளுக்கு ஆள் பொருத்தச் சோதனை செய்த பிறகே தர வேண்டும். கருவியால் அளந்தால் அரைமுகக் கவசத்துக்குப் பொருத்த எண் (வெளியே உள்ள துகள்கள் உள்ளே இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பது) குறைந்தது 100. சுவைச் சோதனை என்றால் வெளியே தெளிக்கும் திரவத்தின் கசப்போ இனிப்போ நாக்கில் தட்டக்கூடாது. ஒரே ஒரு மாடலை மட்டும் வாங்கி வைத்துவிட்டு ‘உங்கள் முகத்துக்குச் சேரவில்லை, வார்டு மாறுங்கள்’ என்பது மருத்துவமனைகளில் அடிக்கடி காணும் தவறு. குறைந்தது மூன்று வடிவங்கள் வேண்டும். மத நம்பிக்கையால் தாடி வைத்திருப்பவருக்கு, காற்றைச் சுத்தம் செய்து தலைமூடிக்குள் ஊதும் தளர்வான வகைச் சாதனம் உண்டு; அதற்குப் பொருத்தச் சோதனையே தேவையில்லை. தலைப்பாகை, முக்காடு ஆகியவற்றுக்கு இடத்தைப் பொறுத்து முடிவு: சுழலும் இயந்திரம் அருகே தொங்கும் நுனி இல்லாத, இழுத்தால் கழன்றுவிடும் வகை, அறுவை அரங்கில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் வகை. பிரிட்டனில் 1989 முதல் கட்டுமான இடங்களிலும், 2015 முதல் பெரும்பாலான மற்ற பணியிடங்களிலும் தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு ஹெல்மெட்டிலிருந்து விலக்கு உண்டு. மற்ற நாடுகளில் இது மாறும்.

படி 5: தேடும் இடமும் விளம்பரமும்

‘தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்’ என்று ஏற்கெனவே இருப்பவர்களிடம் கேட்பது மலிவானது, வேகமானது. அவர்களைப் போன்றவர்களையே மறுபடி கொண்டுவரும். அதை நிறுத்த வேண்டாம். ஆனால் வருபவர்களில் பாதிக்கு மேல் அந்த வழியில் வந்தால் மற்ற வழிகள் வறண்டுவிட்டன என்று அறிக.

விளம்பரச் சொல்லுக்கும் வலிமை உண்டு. ‘ஆதிக்கம்’, ‘போட்டி’ வகைச் சொற்கள் நிறைந்த விளம்பரங்கள் பெண்களுக்கு ‘இது நமக்கான இடமில்லை’ என்ற எண்ணத்தைத் தருகின்றன என்று 2011-ல் வெளிவந்த ஆய்வு காட்டியது. சொல்லைவிட முக்கியம் தகவல். ஊதியம், ஷிப்டு நேரம், வார விடுமுறை, போக்குவரத்து, பயிற்சிக் காலத்தில் சம்பளம் உண்டா, கழிப்பறையும் உடை மாற்றும் அறையும் எப்படி. குழந்தையை யாரிடம் விடுவது என்று கணக்குப் போடுபவருக்கு ‘கவர்ச்சிகரமான சம்பளம், நெகிழ்வான நேரம்’ என்பதால் எந்த உபயோகமும் இல்லை. ‘காலை 7 முதல் 3.30, அடுத்த மாத அட்டவணை இரண்டு வாரம் முன்பே வரும்’ என்று எழுதுங்கள்.

கைத்தொழிலுக்கு, கருவியைத் தொட்டுப் பார்க்கும் அரை நாள் நிகழ்ச்சி எந்தத் துண்டுப் பிரசுரத்தையும் விட மேல். வெல்டிங் டார்ச்சைப் பிடித்து ஒரு கோடு இழுத்தவர் விண்ணப்பிப்பார். சுகாதாரத் துறைக்கு ஆள் வெளியிலே தேட வேண்டியதே இல்லை என்று சொல்லலாம். துப்புரவு, சமையல், நோயாளி உதவி ஆகிய பிரிவுகளில் இருப்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சுற்றுவட்டார மக்களின் மொழியும் வழக்கமும் அறிந்தவர்கள். அவர்களை உதவியாளர், துணைச் செவிலியர், செவிலியர் என்று ஏற்றும் படிக்கட்டு அமையுங்கள். இந்தப் படிக்கட்டு உடைவது ஒரே காரணத்தால்: ‘முதலில் கட்டணம் கட்டுங்கள், தேறியதும் திருப்பித் தருகிறோம்.’ கட்டப் பணம் இருந்தால் அவர் ஏன் காத்திருக்கப் போகிறார்? கட்டணத்தை நிறுவனம் நேரடியாகக் கல்லூரிக்குச் செலுத்தட்டும், வாரத்தில் சில மணி நேரம் சம்பளத்தோடு படிப்புக்கு விடட்டும், தேர்வு வாரத்தில் இரவு ஷிப்டு போடாமல் இருக்கட்டும்.

படி 6: தேர்வு

பெயரை மறைத்துச் சலிப்பது சிறு செலவில் நல்ல பலன் தரும். பாஸ்டனிலும் சிகாகோவிலும் ஏறக்குறைய 5,000 விண்ணப்பங்களை அனுப்பிச் செய்த, 2004-ல் வெளியான ஆய்வில், ஒரே தகுதிக்கு வெள்ளையர் பெயர் இருந்தால் அழைப்பு 50 சதவீதம் கூடுதலாக வந்தது.

நேர்காணலில் எல்லாரிடமும் அதே கேள்விகள், அதே வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் 1, 3, 5 மதிப்பெண்ணுக்கு எந்த மாதிரிப் பதில் என்று முன்பே எழுதி வைப்பது. மதிப்பெண்ணைத் தனித்தனியாகப் போட்ட பிறகே குழு பேசத் தொடங்குவது. கூடவே செய்முறைச் சோதனை. பழகுநருக்குப் படம் பார்த்து ஒரு பாகத்தைப் பொருத்திப் பிழை கண்டுபிடிப்பது. உதவியாளருக்குக் குழப்பத்தில் இருக்கும் முதியவரிடம் பேசி உட்கார வைப்பது. இங்கே ஒரு நுணுக்கம்: அந்த வகைக் கருவியை அதுவரை பார்த்திராதவருக்கு அரை மணி நேரம் பழகக் கொடுத்துவிட்டுச் சோதியுங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது திறனை அல்ல, யாருடைய அப்பாவிடம் பட்டறை இருந்தது என்பதை.

உடல்திறன் தேர்வு வேலையில் உண்மையில் நடப்பதை அதே கருவியோடு, அதே வேகத்தில் செய்வதாக இருக்க வேண்டும். இறுதிப் பட்டியலில் ஒரே ஒருவர் மட்டும் வேறு குழுவைச் சேர்ந்தவராக இருந்தால் அவர் தேர்வாகும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை என்று 2016-ல் ஒரு பல்கலைக்கழகத்தின் பணி நியமனங்களை வைத்துச் செய்த ஆய்வு சொல்கிறது. ஒருவரோடு பட்டியலை மூடாதீர்கள்.

படி 7: முதல் ஆண்டு

கணக்குக்கு ஒருவர் என்று ஒவ்வொரு பிரிவிலும் ஒருவரைத் தூவி வைப்பது பார்க்க அழகு. சமூகவியலாளர் ரோசபெத் மாஸ் கேன்டர் 1977-லேயே சொன்னார்: ஒரு குழு 15 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்போது ஒவ்வொருவரும் தன் கூட்டம் முழுவதற்கும் பிரதிநிதியாகப் பார்க்கப்படுகிறார், அவர் தவறு செய்தால் எல்லாரும் தவறு செய்ததாகிறது. ஆகவே முதலில் சேரும் ஆறு பேரை ஆறு ஷிப்டுகளில் சிதறடிக்காமல் இரண்டு ஷிப்டுகளில் மூன்று மூன்றாக வையுங்கள். ‘எளிதான’ பிரிவு ஒன்றில் எல்லாரையும் அடைத்துவிடவும் வேண்டாம். அங்கிருந்து பதவி உயர்வு கிடைக்காது.

கைத்தொழில் பயிற்சியில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை வேலைப் பங்கீடு. எலெக்ட்ரீஷியன் பழகுநர் பயிற்சி அமெரிக்காவில் பொதுவாக நான்கு அல்லது ஐந்து ஆண்டு, சுமார் 8,000 மணி நேரக் களப்பணி. இரண்டு பழகுநர்களுக்கும் மணி நேரம் சமமாகவே இருக்கும். ஒருவர் பேனல் இணைத்திருப்பார். இன்னொருவர் குழாய் தூக்கி, தரை கூட்டி, சாமான் எடுத்து வந்திருப்பார். நான்காம் ஆண்டில் இரண்டாமவர் ‘திறன் போதாது’ என்று எழுதப்படுவார். இதைத் தடுக்க, மணி நேரத்தை வேலை வகைவாரியாகப் பதிவு செய்யுங்கள்: குழாய் பதித்தல், கம்பி இழுத்தல், முனை இணைப்பு, பேனல், பழுது கண்டறிதல். மாதம் ஒருமுறை எல்லாப் பழகுநர்களின் தாளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கட்டத்தில் வித்தியாசம் தெரிந்தால் அடுத்த மாத ஒதுக்கீட்டிலேயே சரிசெய்ய வேண்டும், ஆண்டிறுதியில் அல்ல. சொல்லிக்கொடுக்கும் மூத்தவருக்குப் பயிற்சிப்படியும், உற்பத்தி இலக்கில் தளர்வும் கொடுங்கள். இலக்கு குறையாமல் பயிற்சியும் கொடு என்றால் அவர் ஏற்கெனவே வேலை தெரிந்தவரையே பக்கத்தில் வைத்துக்கொள்வார்.

கழிப்பறை பற்றிப் பேசக் கூச்சப்பட்டே ஆட்களை இழக்கும் இடங்கள் உண்டு. உள்ளிருந்து பூட்டும் கதவு, தண்ணீர், மூடியுள்ள குப்பைத்தொட்டி, வெளிச்சம், வேலை இடத்திலிருந்து சில நிமிட நடை. வேலைத்தளம் நகரும்போது கழிப்பறையும் நகர வேண்டும். போக முடியாது என்று தண்ணீர் குடிக்காமலே இருப்பவர் வெயிலில் மயங்குவார். தாய்ப்பால் எடுக்க ஓர் அறை, நாற்காலி, மின்செருகி, பூட்டு, குளிர்பெட்டி. கழிப்பறையை அதற்கு ஒதுக்கக்கூடாது. கர்ப்பிணிகளுக்குக் கதிர்வீச்சு, புற்றுநோய் மருந்து, ஈயம் ஆகியவற்றில் மாற்றுப்பணி முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். கர்ப்பம் தெரிவித்த பின் கருவுக்குக் கதிர்வீச்சு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக்கூடாது என்பது பன்னாட்டுப் பரிந்துரை. மாற்றுப்பணியில் சம்பளம் குறைந்தால் கர்ப்பத்தை யாரும் சொல்லமாட்டார்கள். மறைத்துக்கொண்டே வேலை செய்வார்கள்.

படி 8: மேற்பார்வையாளரும் புகாரும்

ஆள் போவது பெரும்பாலும் ஃபோர்மேனால், வார்டு பொறுப்பாளரால். ஓவர்டைம் யாருக்கு, விடுப்பு யாருக்கு, பழைய இயந்திரம் யாருக்கு என்று தீர்மானிப்பவர் அவரே. இந்த மூன்றின் பட்டியலைக் காலாண்டுக்கு ஒருமுறை வெளிப்படையாகப் போட்டாலே பாதிச் சண்டை தீரும்.

புகார் சொல்ல மேற்பார்வையாளர் அல்லாத வேறொரு வழி கட்டாயம். வேலையிடத்து வன்முறை, துன்புறுத்தல் குறித்த பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ஐஎல்ஓ) 2019-ம் ஆண்டு 190-ம் உடன்படிக்கை நோயாளி, வாடிக்கையாளர் போன்ற மூன்றாம் தரப்பினரிடமிருந்து வருவதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. ‘அந்த ஆள் எனக்கு ஊசி போடக்கூடாது’ என்று நோயாளி இனத்தையோ மதத்தையோ சொல்லி மறுத்தால் என்ன செய்வது என்று முன்பே எழுதி வையுங்கள்: உயிருக்கு ஆபத்தான நேரம் என்றால் சிகிச்சை முதலில், இல்லையென்றால் காரணம் கேட்பதும் பதில் சொல்வதும் பொறுப்பாளர், அந்தப் பணியாளர் அல்ல, தொடர்வதா விலகுவதா என்பது பணியாளரின் விருப்பம், விலகினால் அவர் மணி நேரம் குறையக்கூடாது. ஒரு பெண் நோயாளி அந்தரங்கப் பராமரிப்புக்கு ஆண் செவிலியர் வேண்டாம் என்பது வேறு. அதை மதித்து, உடன் ஒருவரை நிறுத்தியோ மாற்றியோ செய்யலாம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது.

படி 9: யார் பொறுப்பு?

ஒரு நாள் கட்டாயப் பயிற்சி வகுப்பு வைத்துவிட்டு வேலை முடிந்தது என்பது கண்துடைப்பு. அமெரிக்க நிறுவனங்களின் பல பத்தாண்டுத் தரவை ஆராய்ந்த காலெவ், டாபின், கெல்லி ஆகியோர் 2006-ல் கண்டது: குறிப்பிட்ட நபரையோ குழுவையோ பொறுப்பாக்கிய இடங்களில் மாற்றம் அதிகம், பயிற்சி வகுப்பால் குறைவு. இலக்கு எண்ணும் தனியாக எதையும் செய்வதில்லை. அமெரிக்க அரசு ஒப்பந்தக் கட்டுமானங்களில் பெண்களின் பங்கு 6.9 சதவீதம் என்ற இலக்கு சுமார் 1980-லிருந்து பத்தாண்டுக் கணக்கில் தாளில் இருந்தது. அதற்கு அடிப்படையான ஆணை 2025 ஜனவரியில் ரத்தாகும்வரை கைத்தொழில்களில் அந்த எண் எட்டப்படவே இல்லை.

எனவே ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பெயர், ஒரு தேதி, ஒரு அளவு. ‘தூக்கு நிபந்தனையை அளந்து மாற்றுவது: உற்பத்தி மேலாளர், 60 நாள்.’ ‘சிறிய அளவு ஹார்னஸ்: கிடங்குப் பொறுப்பாளர், 30 நாள்.’ முதல் ஆண்டில் மூன்று ஓட்டைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். பத்தைத் தொட்டால் ஒன்றும் முடியாது.

புதியவர்களிடம் 30, 90, 180-ம் நாளில் பதினைந்து நிமிடம் பேசுங்கள், அவரது நேரடி மேற்பார்வையாளர் இல்லாமல். கேட்க வேண்டியவை எளியவை: உங்கள் அளவுக்குப் பொருந்தாத எதை இன்னும் பயன்படுத்துகிறீர்கள்? இந்த மாதம் புதிதாக என்ன கற்றீர்கள்? எந்த வேலையை உங்களுக்குத் தரவே இல்லை? வேலையை விட்டுவிடலாம் என்று கடைசியாக எப்போது தோன்றியது, அன்று என்ன நடந்தது? சொன்னதில் ஒன்றையாவது இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து அவரிடமே காட்டுங்கள். காட்டாவிட்டால் 90-ம் நாளில் அதே கேள்விக்கு ‘எல்லாம் நன்றாக இருக்கிறது’ என்ற பதில்தான் வரும்.